நூறு கிராம் உப்பு

"அம்மா, என் மூக்கு செத்துப்போச்சு" என்று குருவம்மாவிடம் சொன்னாள் வடிவாம்பாள்.

ஆசிரமத்து அடுப்படியில் அவளுக்கு இருபத்திரண்டு வருஷம். தினமும் இருநூறு பேருக்குச் சாம்பார். சாமிக்குப் படைக்கும் முன் ருசி பார்க்கக் கூடாது. கொதியில் எழும் ஆவியை முகர்ந்தே உப்புப் போடுவாள்.

எட்டு மாதம் முன்னால் ஒரு பக்தர் ஏ.ஐ. கருவி ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். அதன் கம்பியை அண்டாவில் விட்டால் இன்னும் எவ்வளவு உப்பு என்று சொல்லும். அதற்கு நாக்கு கிடையாது. எனவே எச்சில் தோஷமும் கிடையாது. அன்றிலிருந்து அவள் முகர்வதை விட்டுவிட்டாள்.

ஆசிரமத் தலைவி குருவம்மா அவளைவிடப் பத்து வயது இளையவர். வெந்நீர் வைக்கக்கூடத் தெரியாது.

"சாம்பார் கெட்டுப்போச்சா, அக்கா?"

"கெட்டாத்தான் தேவலையே! தினம் நல்லா இருக்கு. அதான் வயித்தெரிச்சல்."

"அப்புறம் என்ன குறை?"

வடிவாம்பாள் முந்தானையை முறுக்கினாள்.

"முன்னெல்லாம் முதல் பந்தியில முதல் கவளம் உள்ளே போற வரைக்கும் வாசப்படியிலயே நிப்பேன். நெஞ்சு திக்குதிக்குன்னு அடிச்சுக்கும். இப்ப காலை நீட்டி உக்காந்துடறேன். அந்தத் திக்குதிக்கு எனக்குத் திரும்ப வேணும்மா."

"மெஷினைத் தூக்கிப் போட்டுடலாமா?"

"ஐயோ! இருநூறு வயிறு. இந்தச் செத்த மூக்கை நம்பியா?"

"சரி. அது வாயைத் திறக்கறதுக்கு முன்னாடி நீங்க முகர்ந்து, உங்க உப்பை ஒரு தொன்னையில எடுத்து வைங்க. அண்டாவுல மட்டும் அது சொல்றதைப் போடுங்க."

முதல் நாள் தொன்னையில் பாதிக்குப் பாதி குறைச்சல். மறுநாள் கடல். வடிவாம்பாள் தன் மூக்கைத் திட்டிய திட்டு எழுதத் தக்கதல்ல.

ஒரு மாதத்தில் தொன்னையும் கருவியும் ஏறக்குறைய ஒத்துப்போயின.

ஒரு செவ்வாய்க்கிழமை, "இன்னும் நூறு கிராம்" என்றது கருவி.

தொன்னை காலியாக இருந்தது.

மறுபடி முகர்ந்தாள். மறுபடி கம்பியை விட்டாள். மூக்கும் மசியவில்லை, கருவியும் மசியவில்லை.

குருவம்மாவிடம் ஓடினாள்.

"அது நூறு கிராம்ங்குது. மூக்கு போதும்ங்குது. எதைக் கேக்கட்டும்?"

குருவம்மா எழுந்து கை கழுவினார். பந்தியில் முதல் இலை முன் போய் உட்கார்ந்தார்.

"பசிக்குது, அக்கா. சீக்கிரம் படைச்சுட்டு வாங்க."

வடிவாம்பாள் அண்டாவின் முன் நின்றாள்.

உப்பு ஜாடியை மூடினாள்.

படைத்தாயிற்று. பரிமாறியாயிற்று.

குருவம்மா சோற்றைப் பிசைந்தார். ஒரு கவளம் உருட்டினார். கை மேலே எழுந்தது.

வாசப்படியில் நின்றவளுக்கு நெஞ்சு திக்குதிக்கென்று அடித்துக்கொண்டது.