மூன்றாவது ஒயர்

"நான் இல்லாமப் போனா இங்க யாருக்காவது தெரியுமாம்மா?"

டிரங்குப் பெட்டியும் கையுமாக வந்து நின்று மாசிலாமணி இப்படிக் கேட்டார். கேட்ட நேரம்தான் சரியில்லை. ஆசிரமத்தின் குருவான அம்மா அப்போது ஜீப்பின் பானெட்டுக்குள் தலையை விட்டிருந்தார்.

அம்மாவுக்கு நாற்பத்தைந்து வயது. காவி கட்டுவதற்கு முன்னால் திண்டுக்கல்லில் லாரிப் பட்டறை நடத்தியவர். மாசிலாமணிக்கு அறுபத்து மூன்று. தாலுகா ஆபீசில் தலைமை எழுத்தராக இருந்தவர். மனைவி இறந்த கையோடு விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு இங்கே வந்து சேர்ந்து ஒன்பது வருஷம் ஆகிறது. தன்னைவிட வயதில் சின்னவளைக் குருவாக ஏற்க முதல் வருஷம் கொஞ்சம் முரண்டு பிடித்தார். பிறகு வழிக்கு வந்துவிட்டார்.

"எங்க கிளம்பிட்டீங்க அண்ணே?"

"பஸ் ஸ்டாண்டுக்கு. அப்புறம் எங்கயோ."

"வண்டி விட்டு விட்டு ஓடுது, மிஸ்ஸிங் அடிக்குது. திங்கக்கிழமை விரட்டி ஓட்டினதுலருந்து இப்படித்தான். சரி பண்ணிட்டு நானே கொண்டுபோய் விடறேன்."

இருங்கள் என்று சொல்லவில்லை. மாசிலாமணி அதையும் மனசுக்குள் குறித்துக்கொண்டார்.

ஜீப்புக்கு வயசு, ஏறக்குறைய மாசிலாமணி ஆபீசில் போட்ட சர்வீஸ் அளவு. என்ஜின் குளிர்காய்ச்சல் கண்ட மாதிரி உதறிக்கொண்டிருந்தது.

"பிளக் ஒயர ஒண்ணொண்ணா உருவுவேன். எப்ப சத்தம் மாறுதுன்னு சொல்லுங்க. எத உருவினா மாறலையோ அதுலதான் கோளாறு. உங்க வேலை அவ்வளவுதான்."

"சொல்றேன்," என்றார். சொன்ன வாயோடு தன் கதையை ஆரம்பித்துவிட்டார்.

"திங்கக்கிழமை மத்தியானம் என் மூலை ரூம் கதவச் சாத்தினேன்மா. யாருகிட்டயும் சொல்லல. தேடி வர்றாங்களான்னு பாப்போம்னுதான். ரூம்ல ஒரு டப்பா பொரி இருந்துச்சு. அதத் தின்னுட்டுக் கிடந்தேன்."

அம்மா ரப்பர் பிடி போட்ட பிளேயரால் முதல் ஒயரை உருவினார். என்ஜின் இருமிக்கொண்டு தாழ்ந்தது.

"திங்க, செவ்வா, புதன். ஒரு ஈ காக்கா எட்டிப் பாக்கல. பதினாலு பேரு இருக்கோம் இங்க. பதினாலு பேரு!"

அம்மா அதை மாட்டிவிட்டு இரண்டாவதை உருவினார். வண்டியே குலுங்கி, நிற்கப் பார்த்தது.

"ஒன்பது வருஷமா, விடிஞ்சா என் கதவுக்கு வெளிய ஒரு செம்பு வெந்நீர் இருக்கும். செவ்வாக்கிழமைலருந்து அதுவும் இல்ல. ஆளே தண்டம்னு முடிவு பண்ணிட்டா வெந்நீர் எதுக்கு?"

மூன்றாவது ஒயர். பிறகு நான்காவது.

தொழுவத்தில் ஒரு கன்று கத்திக்கொண்டே இருந்தது.

"நீங்ககூட வரலையேம்மா," என்றார் மாசிலாமணி. அதைச் சொல்லத்தான் இவ்வளவும் சொன்னார்.

"வரல," என்றார் அம்மா. "சரி, எப்ப மாறுச்சு?"

"என்னது?"

"சத்தம்."

மாசிலாமணி விழித்தார். "நீங்க இன்னும் ஒயர உருவவே இல்லையே."

அம்மா திட்டவில்லை. மறுபடியும் முதல் ஒயரிலிருந்து தொடங்கினார்.

இந்த முறை மாசிலாமணி பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, வாயை மூடிக்கொண்டு நின்றார்.

"மாறுது," என்றார்.

இரண்டாவது.

"இதுவும் மாறுது. ரொம்பவே இறங்குது."

மூன்றாவது. அவர் தலையைச் சாய்த்துக் கேட்டார்.

"மாறல."

"நல்லாக் கேளுங்க."

"மாறலம்மா. போட்டாலும் அப்படித்தான், எடுத்தாலும் அப்படித்தான்." "இது செத்துப்போச்சு. என்னைய மாதிரி."

அம்மா என்ஜினை அணைத்தார். மூன்றாவது பிளக்கைக் கழற்றி அவர் உள்ளங்கையில் வைத்தார். அது நனைந்திருந்தது. பெட்ரோல் வாடை அடித்தது.

"செத்ததா? ஈரத்தப் பாருங்க. பெட்ரோல் வந்துக்கிட்டேதான் இருந்திருக்கு. நெருப்புதான் வந்து சேரல."

ஒயரை வளைத்துக் காட்டினார். நடுவில் ரப்பர் வெடித்து, உள்ளே இருந்த கம்பி என்ஜின் இரும்பைத் தொட்டுக்கொண்டிருந்தது. கரண்டு பாதி வழியிலேயே இரும்பில் இறங்கிப் போய்விட்டது. அம்மா பிளக்கைத் துடைத்து மாட்டினார். டூல்ஸ் பெட்டியைத் துழாவி வேறொரு ஒயரை எடுத்துப் போட்டார். சாவியைத் திருப்பியதும் ஜீப் சமத்தாக ஓடியது.

மாசிலாமணி பெட்டியைப் பின்னால் ஏற்றிவிட்டு முன் சீட்டில் உட்கார்ந்தார்.

"வெந்நீர் வச்சது யாரு அண்ணே?"

"எந்த வெந்நீர்?"

"ஒன்பது வருஷமா வச்ச வெந்நீர்."

மாசிலாமணி அடுப்படியில் யார் யார் இருப்பார்கள் என்று யோசித்தார். பதினாலு பேரையும் விரல்விட்டு எண்ணிப் பார்த்தார். பத்துக்கு மேல் பெயர் கிடைக்கவில்லை. அவருக்கு வெட்கமாக இருந்தது.

"தெரியாதும்மா."

கன்று இன்னும் கத்திக்கொண்டிருந்தது. அது அவர் காதில் விழுந்தது அப்போதுதான்.

"அது ஏன் இப்படிக் கத்துது?"

அம்மா கியரைப் போட்டார்.

ரோடு இரண்டாகப் பிரிகிற இடம் வந்தது. அங்கே அம்மா வண்டியை ஓரம் கட்டினார்.

"இடது பக்கம் பஸ் ஸ்டாண்டு. வலது பக்கம் ஆஸ்பத்திரி. நம்ம தொழுவம் பாக்குற ஒச்சண்ணன் அங்க கிடக்கார். திங்கக்கிழமை சாயங்காலம் வைக்கோல் போர்லருந்து விழுந்து இடுப்பு எலும்பு போச்சு. மிச்சம் பன்னெண்டு பேரும் மாறி மாறி அங்கதான் இருக்கோம்."

திங்கட்கிழமை சாயங்காலம் ஜன்னலுக்கு வெளியே கூச்சல் கேட்டது மாசிலாமணிக்கு நினைவு வந்தது. ஆட்கள் ஓடினார்கள். ஜீப் அலறிக்கொண்டு கிளம்பிப் போனது. யாரும் தன்னைக் கூப்பிட வரவில்லை என்றுதான் அப்போது நினைத்தார்.

"வலியில அனத்திக்கிட்டே கிடக்கார்," என்றார் அம்மா. "கண்ணு முழிச்சா ஒரே கேள்விதான். 'மூலை ரூம் ஐயாவுக்கு வெந்நீர் யாரு வைக்கிறா?'"

பின்னால் ஒரு டவுன் பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு வந்து, அவர்களைத் தாண்டி இடது பக்கம் திரும்பியது.

மாசிலாமணி துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"எந்த வார்டும்மா?" என்றார்.