ஜப்பான் காருக்கு நாற்பதடி பாவாடை

கரூர் பைபாஸ் ஓரத்தில் இருக்கும் சென்னியப்பனின் பட்டறையில் இருபது வருசமாக பஸ்ஸுக்குத்தான் பாடி கட்டுகிறார்கள். கார் என்று ஒன்று அந்த வாசலுக்குள் நுழைந்ததில்லை. அதனால் கோழிப்பண்ணை முதலாளி வையாபுரி, ஜப்பானிலிருந்து கப்பலில் வரவழைத்த சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரைக் கொண்டுவந்து நிறுத்தியதும் சென்னியப்பன் கையைத் துடைத்துக்கொண்டு ஓடி வந்தார். இதைச் சரியாக முடித்தால் பட்டறைப் பலகையில் 'கார் வேலையும்' என்று ஒரு வரி எழுதிக்கொள்ளலாம்.

"ஞாயித்துக்கிழமை கோயமுத்தூர்ல கார் கண்காட்சிங்க. முன்னால லிப்பு, பக்கத்துல ஸ்கர்ட்டு, பின்னால ஒரு விங்கு. ரேஸ் கார்ல மாட்டற அந்தச் சாமானெல்லாம் நீங்களே தேடி வாங்கி மாட்டிருங்க. முக்கியமா, வண்டி தரையோட தரையா நிக்கோணும்" என்றார் வையாபுரி.

சென்னியப்பன் ஒரு வார்த்தை விடாமல் நோட்டில் எழுதிக்கொண்டார்.

வையாபுரி போனதும் வெல்டர் நாச்சிமுத்து கேட்டான்: "ஏனுங்ண்ணா, ஸ்கர்ட்டுன்னா பாவாடைதானுங்களே? இது ஆம்பளை வண்டியா இருந்தா?"

நியாயமான கேள்வி. பெயின்டர் ரங்கண்ணனையும் சேர்த்துக்கொண்டு மூவரும் வண்டியைச் சுற்றி வந்தார்கள். கடைசியில் ரங்கண்ணன் ஹாரனை அழுத்தினான். கீச்சென்றது.

"பொம்பளைதான்" என்றார் சென்னியப்பன். எல்லோரும் நிம்மதியாக மூச்சுவிட்டார்கள்.

மறுநாள் ஜவுளிக்கடையில் பாவாடை கேட்டுப் போன சென்னியப்பனிடம் விற்பனையாளர் பணிவாகக் கேட்டார்: "இடுப்பு எத்தனைங்க?"

"சுத்தளவு நாப்பது அடிங்க."

"உசரம்?"

"நாலடி. ஜப்பான்காரிங்க."

விற்பனையாளருக்கு மனசு கேட்கவில்லை. "தினமும் கொஞ்சம் நடக்கச் சொல்லுங்க."

"நடக்கறதில்லீங்க. மணிக்கு இருநூத்தம்பது கிலோமீட்டர் ஓடும்."

லிப்புக்கு ஃபேன்ஸி ஸ்டோரில் லிப்ஸ்டிக் வாங்கினார்கள். சிவப்பு வண்டியில் சிவப்பு தெரியவே இல்லை. பதினோரு குச்சி தீர்ந்தபிறகு, "அடக்கமான பொண்ணுக்கு இது போதும்" என்று ரங்கண்ணன் முடித்துவிட்டான்.

விங்கில்தான் தகராறு வந்தது.

"ஒத்தை றெக்கையில பறந்தா வட்டமாத்தானுங்ண்ணா சுத்தும்" என்றான் நாச்சிமுத்து. "கோயமுத்தூர் எப்படிப் போய்ச் சேரும்?"

சென்னியப்பன் நோட்டைத் திறந்து காட்டினார். 'ஒரு விங்கு' என்றுதான் இருந்தது. முதலாளி சொன்னதை மீற முடியுமா? தகரத்தில் ஒரே ஒரு றெக்கை செய்து, கீல் வைத்து, இடது பக்கமாக மாட்டினார்கள்.

தரையோட தரையாக நிறுத்துவதற்கு வெள்ளிக்கிழமை முழுக்க ஆயிற்று. பட்டறைக்கு நடுவே அளவெடுத்துக் குழி வெட்டி, வண்டியைப் பூப்போல இறக்கினார்கள். பாவாடை விளிம்பு மண்ணில் புரண்டது. சென்னியப்பனுக்குக் கண் கலங்கிவிட்டது. இருபது வருசத்தில் ஒரு பஸ்கூட இத்தனை லட்சணமாக நின்றதில்லை.

சனிக்கிழமை காலையில் வந்த வையாபுரி குழியை ஒருமுறை சுற்றி வந்தார். பிறகு கத்தினார்: "நாளைக்குக் கோயமுத்தூர்ல நிக்கோணும்டா இது! வெளிய எடுங்கடா!"

கிரேன் வந்து வண்டியைத் தூக்கி வைத்தது. மேலே வந்ததும் அது பழையபடி உயரமாகத் தெரிந்தது. சென்னியப்பன் முகம் வாடிப்போனது. குழி இங்கே, கண்காட்சி அங்கே. சற்று யோசித்துவிட்டு லாரி ஆபீசுக்குப் போன் போட்டார்.

"கோயமுத்தூருக்கு ஒரு குழி ஏத்தோணுங்க."

"எடை எவ்வளவுங்க?"

"எடையே இல்லீங்க. காலிக் குழிதான்."

"மழை வந்தா?"

"தார்ப்பாய் போட்டுக்கலாங்க. நனைஞ்சா ரொம்பிப் போயிரும்."

லாரி வந்தது. நாச்சிமுத்து ஒரு பக்கம், ரங்கண்ணன் மறுபக்கம், நடுவில் ஒன்றுமில்லாமல், பல்லைக் கடித்துக்கொண்டு குழியைச் சுமந்து, லாரியில் சாய்த்த பலகையில் ஏறினார்கள்.

"மெதுவா, மெதுவா! ஓரம் இடிஞ்சிரும்!" என்று சென்னியப்பன் பின்னாலேயே ஓடினார்.

வழியில் நின்றிருந்த வையாபுரி, தன்னையறியாமல் ரெண்டடி நகர்ந்து வழிவிட்டார். "பாத்துங்கப்பா, உள்ள விழுந்துறாதீங்க."