ஆறு பச்சை, ஆறு சிவப்பு

"ரெண்டுல எதைப் போடலாம், மாஸ்டர்?"

நாட்ராயன் அந்த ஒர்க்‌ஷாப்புக்கு வருவது இது மூன்றாவது முறை. மூன்று முறையும் வாயைத் திறந்ததும் வந்தது இதே கேள்விதான்.

தமயந்தி நிமிரவில்லை. ஏதோ ஒரு எஞ்சினுக்குள் முழங்கை வரை கையை விட்டிருந்தாள்.

முப்பத்தைந்து வயதுதான் அவளுக்கு. பந்தயக் கார்களுக்கு எஞ்சின் கட்டுவது தொழில். கோவையில் தலை நரைத்த மெக்கானிக்குகளே அவளை மாஸ்டர் என்றுதான் கூப்பிட்டார்கள். பேச்சு குறைவு. அதனால் வேலை கூடுதலாக வந்தது.

நாட்ராயனுக்கு ஐம்பத்திரண்டு. பம்பு கம்பெனியில் சோதனைப் பிரிவு மேலாளர். வேலை கோவையில், வீடு உடுமலையில். போக எழுபது கிலோமீட்டர், வர எழுபது. பதினோரு வருடமாக அதே ரோடு, அதே வெள்ளைக் கார். மனிதர் உட்கார்ந்த இடத்திலேயே தூங்கிவிடுவார் போலிருந்தார்.

கையில் ஒரு கட்டு காகிதம். நாலு மாதமாகப் படித்து, பார்த்து, அச்செடுத்துச் சேர்த்தது. எல்லாம் சூப்பர்சார்ஜர் பற்றி. எஞ்சின் சாதாரணமாகத் தானே மூச்சு இழுக்கும். இந்தச் சாதனம் அதுவரை பொறுக்காது. எஞ்சினின் பெல்ட்டிலேயே சுற்றிக்கொண்டு காற்றை அமுக்கி உள்ளே தள்ளும். இழுவை கூடும். ஒரு ரகம் மிதித்த உடனே தள்ளும். இன்னொரு ரகம் வேகம் ஏற ஏறத்தான் தள்ளும்.

இந்த இரண்டில் எது என்பதில்தான் மனிதர் நாலு மாதமாக நின்றுகொண்டிருந்தார்.

தமயந்தி கையை வெளியே எடுத்துத் துடைத்தாள்.

"தெனமும் ஓட்டற வண்டிக்கு மொத ரகம்தானுங்ணா. காலு வெச்சதுமே இழுக்கும்."

நாட்ராயனின் முகத்தில் வெளிச்சம் வந்தது.

"ஒண்ணு மட்டும் ஞாபகம் வெச்சுக்குங்க. அது சுத்தறதுக்கும் எஞ்சின்தான் பலம் குடுக்கோணும். சும்மா வராது."

"தெரியுமுங்க."

"எதுக்குங்ணா இது?"

நாட்ராயன் காத்திருந்த கேள்வி இது. "வீட்டுக்கு நேரமே போகோணுமுங்க. எங்கப்பாவுக்கு எண்பத்தாறு. ஞாபகம் தப்பிப்போச்சு. எட்டு மணிக்குப் படுத்துருவாரு. நான் போய்ச் சேர்றப்ப எட்டரை, ஒம்போது. காலையில அவரு எந்திரிக்கறதுக்குள்ள கெளம்பிருவேன், ஞாயித்துக்கெழமையும் ஏதாச்சும் வேலை வந்துருது. முழிச்சிருக்கற மனுசனைப் பாத்து ஆறு மாசமாச்சு. இன்னும் கொஞ்ச நாள்ல என்னையும் மறந்துருவாருன்னு டாக்டர் சொல்லிட்டாருங்க."

"அஞ்சு மணிக்கு வேலை முடியுமா?"

"முடியுமுங்க. கால் வலிக்க மிதிக்கறேன் மாஸ்டர். வண்டி நகரமாட்டேங்குது."

அவர் பொய் சொல்லவில்லை. அதை மனமார நம்பித்தான் சொன்னார்.

தமயந்தி மேசை இழுப்பறையைத் திறந்தாள். உள்ளேயிருந்து ஒரு பெட்டி வந்தது. பிள்ளைகள் விளையாடுகிற கலர் களிமண்.

நாட்ராயன் அவளை ஒரு மாதிரி பார்த்தார்.

அவள் காரின் பானட்டைத் திறந்து, எஞ்சின் மேல் அங்கங்கே களிமண் உருண்டைகளை வைத்தாள். மறுபடி பானட்டை அழுத்தி மூடினாள். திறந்தாள். உருண்டைகள் எவ்வளவு நசுங்கியிருக்கின்றன என்று ஒவ்வொன்றாக அளந்தாள்.

"மூடினதுக்கப்புறம் உள்ளே எவ்வளவு எடம் இருக்குன்னு கண்ணால பாக்க முடியாதுங்ணா. இதுதான் சொல்லும்."

"எடம் இருக்குதுங்களா?"

"இருக்குது. போட்டுறலாம்."

"அப்ப ஆரம்பிச்சுருங்க மாஸ்டர்!"

"இன்னொரு எடம் பாக்கோணும்."

அவள் மறுபடி உருட்ட ஆரம்பித்தாள். ஆறு பச்சை, ஆறு சிவப்பு. எலுமிச்சம்பழ அளவு. ஒவ்வொன்றின் உச்சியிலும் தன் பெருவிரலை ஒரு முறை லேசாகப் பதித்தாள். பிறகு பன்னிரண்டையும் தனித்தனி பிளாஸ்டிக் கவரில் சுற்றி ஒரு பிஸ்கட் டப்பாவில் அடுக்கினாள்.

"ஆக்ஸிலேட்டருக்கு அடியில வெச்சு ஓட்டுங்க. காலையில வர்றப்ப பச்சை. சாயங்காலம் போறப்ப சிவப்பு. எறங்கினதும் எடுத்து டப்பாவுல போட்டுருங்க. திங்கள்ல இருந்து சனி வரைக்கும்."

"எதுக்குங்க?"

"அளவுக்கு."

புது வண்டிக்குச் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைப்பார்கள். பதினோரு வருட வண்டிக்கு மிதிக்கட்டைக்கு அடியில் களிமண் வைக்கச் சொல்லும் ஆளை நாட்ராயன் இப்போதுதான் பார்க்கிறார். ஆனால் மாஸ்டர் சொன்னால் மாஸ்டர் சொன்னதுதான். டப்பாவை வாங்கிக்கொண்டார்.

*

திங்கட்கிழமை மாலை ஐந்தரைக்குக் கிளம்பினார். சிவப்பு உருண்டையை மறக்காமல் வைத்தார்.

கிணத்துக்கடவில் ஒரு டீ. களைப்பாக இருந்தது, குடிக்காமல் முடியாது. பொள்ளாச்சி தாண்டி ஒரு பங்க்கில் டயருக்குக் காற்றுப் பார்த்தார். காற்றுப் பார்ப்பது நல்ல பழக்கம். அதை எல்லா நாளும் பார்ப்பது இன்னும் நல்ல பழக்கம் என்று அவர் நினைத்திருக்க வேண்டும்.

அங்கேதான் மனைவி சிவகாமி போனில் பிடித்தாள்.

"எங்கீங்க இருக்கறீங்க?"

"வந்துட்டே இருக்கறேன். வண்டி இழுக்கவே மாட்டேங்குது."

"மாமா வாசல்ல உக்காந்துட்டு உள்ள வரமாட்டேங்கறாரு. பக்கத்து நாற்காலியில துண்டைப் போட்டு எடம் புடிச்சு வெச்சிருக்காரு. நான் உக்காரப் போனாக்கூட வெரட்டறாருங்க."

இடம் யாருக்கு என்று நாட்ராயனுக்குத் தெரியும்.

அம்மா போய்ப் பதினாலு மாதம் ஆகிறது. அப்பாவுக்கு அது மட்டும் ஞாபகத்தில் நிற்கவில்லை. மருமகளிடம் கேட்க மாட்டார், வேறு யாரிடமும் கேட்க மாட்டார். மகன் வீட்டுக்குள் கால் வைத்ததும், "உங்கம்மா எங்க?" என்பார்.

முதலில் உண்மையைச் சொல்லிப் பார்த்தார். அப்பா அப்போதுதான் கேள்விப்பட்டது போல நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுதார். மறுநாள் மறுபடி கேட்டார். மறுபடி அழுதார். ஒரே சாவைத் தினமும் கொண்டுபோய்ச் சொல்ல எந்த மகனால் முடியும்?

பிறகு பொய் சொல்லிப் பார்த்தார். கோயிலுக்குப் போயிருக்கிறார்கள் என்றார். அப்பா சாப்பிடாமல் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார். கூட வந்தவர்கள் யார், எந்த பஸ் என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

அதற்கப்புறம்தான் கார் இழுக்காமல் போனது.

அன்று வீடு சேரும்போது எட்டு நாற்பது. வாசலில் நாற்காலிகள் மட்டும் கிடந்தன. துண்டும் கிடந்தது. நாட்ராயன் இருட்டில் கையை விட்டுச் சிவப்பு உருண்டையை எடுத்து டப்பாவில் போட்டார். என்னவாகியிருக்கிறது என்று பார்க்கக்கூடத் தெம்பில்லை.

செவ்வாய், புதன், வியாழன், வெள்ளி. ரோடும் மாறவில்லை, டீக்கடையும் மாறவில்லை.

*

சனிக்கிழமை நாலு மணிக்கே வேலை முடிந்ததும் நேரே ஒர்க்‌ஷாப்புக்கு வந்தார்.

"ஆறு பச்சை, அஞ்சு சிவப்பு முடிஞ்சுதுங்க. இன்னைக்குச் சாயங்காலத்துது ஒண்ணு பாக்கி. அது வந்துதான் தெரியோணும்னு இல்லீங்களே? வர்ற வாரம் ஆரம்பிச்சுருங்க மாஸ்டர்."

தமயந்தி டப்பாவை வாங்கி மேசைமேல் விரித்தாள். கவர்களைப் பிரித்தாள்.

பச்சை ஆறும் தட்டை முறுக்கு மாதிரி சப்பையாகிக் கிடந்தன. காலையில் வீட்டை விட்டு வரும்போது மிதிக்கட்டை தரை வரைக்கும் போயிருக்கிறது.

சிவப்பு ஐந்தும் உருண்டையாகவே இருந்தன.

நாட்ராயன் ஒன்றைக் கையில் எடுத்தார். உச்சியில் அவள் பதித்த பெருவிரல் ரேகை ஒரு கோடு குறையாமல் அப்படியே இருந்தது.

தமயந்தி துணியை எடுத்தாள். ஸ்பானர்களைத் துடைக்கப் போய்விட்டாள்.

"சாயங்காலம் ரோட்டுல கூட்டமுங்க" என்றார் நாட்ராயன்.

அவள் ஒரு ஸ்பானரைத் துடைத்து மாட்டினாள்.

"சிட்டிக்குள்ள மிதிக்கவே முடியாது."

இன்னொன்றைத் துடைத்தாள்.

"கிணத்துக்கடவு தாண்டினா ரோடு காலிதான்..." என்று ஆரம்பித்தவர் அங்கேயே நின்றுவிட்டார்.

மனிதருக்கு முகம் சுருங்கிப்போனது. வெட்கமாக இருந்தது. அதைவிட அசதியாக இருந்தது. பதினாலு மாத அசதி மொத்தமும் அந்த இரும்பு ஸ்டூலில் வந்து உட்கார்ந்தது.

அப்புறம் சொன்னார். அம்மாவைப் பற்றி, அந்த ஒரு கேள்வியைப் பற்றி, உண்மை சொன்ன நாட்கள், பொய் சொன்ன நாட்கள், எல்லாம். யாரிடமும் சொல்லாததை ஒரு மெக்கானிக்கிடம் சொன்னார்.

தமயந்தி கடைசி ஸ்பானரை மாட்டிவிட்டு வந்தாள்.

"இப்பப் போனா முழிச்சிட்டிருப்பாரு. கேப்பாருங்க. நான் என்ன சொல்லட்டும் மாஸ்டர்?"

"எனக்குக் கார் வேலை மட்டுந்தானுங்ணா தெரியும்."

அவள் டப்பாவில் மிச்சமிருந்த கவரைப் பிரித்தாள். கடைசிச் சிவப்பு உருண்டை. அதை அவர் உள்ளங்கையில் வைத்தாள்.

பிறகு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். ஐந்து பத்து.

நாட்ராயனும் பார்த்தார். எழுந்தார்.

"ரெண்டுல எதைப் போடலாம்னு கேட்டீங்களே" என்றாள் அவள்.

"அது அப்புறம் பாத்துக்கலாமுங்க."

காகிதக் கட்டு மேசையிலேயே கிடந்தது.

*

வழியில் டீ இல்லை. டயரில் காற்று எவ்வளவு இருந்தது என்று யாருக்கும் தெரியாது.

கிணத்துக்கடவு தாண்டியதும் ரோடு காலியாகக் கிடந்தது. நாட்ராயன் மிதித்தார். காலடியில் மெத்தென்று ஏதோ அமுங்கியது. பதினோரு வருடக் கார் உறுமிக்கொண்டு பாய்ந்தது. அதற்கு இவ்வளவு இழுவை இருக்கிறது என்பது அவருக்கே மறந்துபோயிருந்தது.

வீட்டு முன்னால் நிறுத்தியபோது ஏழு அடிக்கக் கால் மணி இருந்தது. இன்னும் வெளிச்சம் மிச்சமிருந்தது.

அப்பா வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் இருந்தார். பக்கத்து நாற்காலியில் துண்டு.

நாட்ராயன் இறங்கி வந்து எதிரே நின்றார். வழியெல்லாம் யோசித்தும் சொல்ல ஒன்றும் கிடைத்திருக்கவில்லை.

அப்பா நிமிர்ந்து பார்த்தார். ஒரு நிமிடம் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"நாட்ராயா, உங்கம்மா எங்க?"

உள்ளே சிவகாமி செய்துகொண்டிருந்த வேலையை நிறுத்தியது கேட்டது.

"எனக்கும் அம்மாவத் தேடுதுங்கப்பா" என்றார் நாட்ராயன். சொல்லும்போதே குரல் உடைந்துவிட்டது. பதினாலு மாதத்தில் அவர் அழுவது அதுதான் முதல் தடவை.

அப்பா அழவில்லை.

பக்கத்து நாற்காலியிலிருந்த துண்டை எடுத்துத் தன் மடியில் போட்டுக்கொண்டார்.

"உக்காரு சாமி" என்றார்.