வெள்ளெலி பிடுங்கி எறிஞ்ச கீரை

ஒரு பாலைவனத்துல, மனுஷங்களே அப்பத்தான் விதைக்கப் பழகிட்டிருந்த ரொம்பப் பழைய காலத்துல, ஒரு வெள்ளெலி இருந்துச்சு. சரியான பிடிவாதக்காரி. மனுஷங்களைப் பார்த்து, ஊத்துத் தண்ணி கசியற இடத்துல அதுவும் கம்பு விதைச்சுது. அட, விளைஞ்சே போச்சு! வளை முழுக்கத் தானியம்.

அன்னையிலிருந்து அதோட குட்டிங்களுக்குக் காலையில கம்பு, மத்தியானம் கம்பு, ராத்திரியும் கம்புதான்.

பக்கத்துப் புதர்ல ஒரு கவுதாரி. ஒரு இடத்துல நிக்காது. குஞ்சுகளைக் கூட்டிக்கிட்டு வெட்டுக்கிளி, இலந்தைப்பழம், கீரைன்னு கண்டதையும் கொத்தும்.

"என்னக்கா, இன்னைக்கும் பூச்சி விருந்தா?"ன்னு வெள்ளெலி கேலி பண்ணும்.

"ஆமா தாயி, கிடைக்கறதுதான் விருந்து."

நாளாக ஆக, வெள்ளெலிக் குட்டிங்க இளைச்சுப் போச்சுங்க. ஈறெல்லாம் ரத்தம். கடைக்குட்டியால எழுந்து நிக்கவே முடியல.

"கம்பு பத்தல போல!"

வெள்ளெலி வயலை இன்னும் பெருசாக்குச்சு. கம்புக்கு நடுவுல முளைச்ச கீரையை எல்லாம் களைன்னு பிடுங்கி வயல் வேலிக்கு வெளிய எறிஞ்சுது. பயிர்ல உக்கார்ந்த வெட்டுக்கிளியை அடிச்சு அந்தக் கீரைக் குவியல் மேலயே போட்டுது. குட்டிங்களுக்கு ரெண்டு பங்கு கம்பு கொடுத்துச்சு. கடைக்குட்டி இப்போ கண்ணையே திறக்கல.

ஆனா கவுதாரிக் குஞ்சுங்க? கொழுகொழுன்னு ஓடுதுங்க! வெள்ளெலிக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு.

"ஏ திருடி! என் கம்பைத் தின்னுதானே உன் குஞ்சுங்க கொழுத்துப் போச்சு? இங்க என் பிள்ளை சாகக் கிடக்கு!"

"உன் கம்பு யாருக்கு வேணும்? வந்து பாருடி என் கூட்டை!"

வெள்ளெலி போய்க் கிளறிப் பார்த்துச்சு. கீரைத் தண்டு, வெட்டுக்கிளிக் கால். கம்பு ஒரு மணிகூட இல்ல.

"இதெல்லாம் எங்கேருந்து வந்துச்சு?"

"நல்லா கேட்ட போ! நீ குப்பைன்னு கொட்டறதுதான். நாங்க பந்தி போட்டு உக்கார்ந்துடறோம்."

வெள்ளெலி வேலியோரம் கிடந்த கீரையை அள்ளிக் கவ்விக்கிட்டு வளைக்கு ஓடுச்சு.

"கசக்குதும்மா"ன்னு கடைக்குட்டி முனகுச்சு.

"கசக்கட்டும். முழுங்கு."

கொஞ்ச நாள் போச்சு. கவுதாரி பசியோட வேலிக்கு வந்தா, ஒரு இலைகூட இல்ல. உள்ளே கடைக்குட்டி ஒரு வெட்டுக்கிளியைத் துரத்திக்கிட்டு ஓடுது!

"என்னடி அம்மா, எங்க சாப்பாடு எங்கே?"

"அதை என் பிள்ளைங்க சாப்பிட்டாச்சுக்கா. உனக்கு வேணும்னா கம்பு எடுத்துக்கோ!"

நீதி: ஒரே சாப்பாட்டுல வயிறு நிறையும், உடம்பு தேறணும்னா பலதும் சாப்பிடணும்.