பெல்ட் மேல் ஒரு விமானம்

அந்த விமானம் பறக்கவே பறக்காது என்று வகுப்பில் அடித்துப் பேசியவள் ஜெசிந்தா. நாற்பதைத் தாண்டிய பிறகு மாலைக் கல்லூரியில் இயற்பியல் படிக்க வந்தவள். பாடம் எடுத்த ஃபர்ஹானா அவளைவிட வயதில் ரொம்பச் சின்னவள். ஆனாலும் ஜெசிந்தாவுக்கு அவள்தான் குரு.

குரு போட்ட புதிர் இது: ஓடுபாதைக்குப் பதில் ஒரு பிரம்மாண்டமான டிரெட்மில். விமானம் எவ்வளவு வேகமாக முன்னே போகிறதோ, அவ்வளவு வேகமாக பெல்ட் பின்னே ஓடும். விமானம் எழும்புமா?

“நின்ற இடத்திலேயே நிற்கும் மேடம். என்னைப் பார்த்தாலே தெரியலையா?”

வகுப்பே சிரித்தது. ஜெசிந்தா சிரிக்கவில்லை.

மறுநாள், படிப்பை நிறுத்தப்போவதாக ஃபர்ஹானாவிடம் சொல்ல வந்தாள். ஒரு பாடம் முடித்தால் வீட்டில் புதிதாக ஒரு வேலை முளைக்கிறதாம். புத்தகத்தைத் திறந்தாலே, கலெக்டரம்மா இன்றைக்குச் சோறு பொங்குவார்களா என்று கணவன் கேட்கிறானாம். அவன் ஒருநாள் தட்டைக் கழுவினால் கை தேய்ந்துவிடுமா என்று பொரிந்து தள்ளிவிட்டுக் கேட்டாள்:

“அந்த இழுப்பு நிற்காம நான் எப்படி மேடம் முன்னே போறது?”

ஃபர்ஹானா அவளைக் கல்லூரி விடுதியின் உடற்பயிற்சிக் கூடத்துக்குக் கூட்டிப்போனாள். டிரெட்மில்லில் நடக்கச் சொன்னாள். ஜெசிந்தா வியர்க்க வியர்க்க நடந்தாள். எதிர்ச்சுவர் கிட்டேயே வரவில்லை.

பிறகு பெல்ட்டை நிறுத்தி, அதன்மேல் சக்கரம் வைத்த பலகை ஒன்றைப் போட்டாள் ஃபர்ஹானா. டிரெட்மில்லின் முன்கம்பியில் கயிறு கட்டி, நுனியை ஜெசிந்தாவிடம் கொடுத்தாள்.

“நான் விழுந்தா எங்க வீட்டுக்காரருக்கு நீங்கதான் பதில் சொல்லணும்” என்றபடி புடவையைச் செருகிக்கொண்டு பலகையில் உட்கார்ந்தாள் ஜெசிந்தா.

பெல்ட் பின்னே ஓடியது. சக்கரங்கள் கடகடத்தன. அவள் கயிற்றைப் பிடித்திருந்ததால் பலகை அங்கேயே நின்றது.

“இப்ப இழுங்க அக்கா.”

இழுத்தாள். பலகை முன்னே நகர்ந்தது. ஃபர்ஹானா வேகத்தைக் கூட்டினாள். சக்கரங்கள் அலறின. பலகை அப்போதும் முன்னேதான் வந்தது. கம்பி கைக்கு எட்டிவிட்டது.

ஜெசிந்தா கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

“அப்ப விமானத்துக்கு எது கயிறு?”

“காற்று. இன்ஜின் காற்றைத்தான் தள்ளுது, பெல்ட்டை இல்ல. பெல்ட் எப்படி ஓடினாலும் விமானம் எழும்பிடும்.”

தோற்றதை அவ்வளவு லேசில் ஒப்புக்கொள்கிறவளா ஜெசிந்தா? கம்பியை விடாமலே கேட்டாள்:

“நாளைக்கு என்ன பாடம்?”

“அலைகள்.”

“ஆனா எங்க வீட்டு பெல்ட் நிற்காது மேடம்.”

“ஓடட்டுமே, அக்கா.”