கரண்ட் எங்கே இருக்கிறது?

“ஒன்பது வருஷமாச்சும்மா. இன்னும் தவிப்பு அடங்கலை” என்றார் காசிமாயன்.

அம்மா முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். ஆசிரமத்தில் எல்லாருக்கும் அவர்தான் குரு, எல்லாருக்கும் அவர் அம்மா. காசிமாயனைவிடப் பதினான்கு வயது இளையவர் என்பதால் அவரை மட்டும் அண்ணே என்பார்.

காசிமாயன் கையில் ஒரு கல்யாணப் பத்திரிகை. அதை வைத்துக்கொண்டு காலையிலிருந்து கிணற்றை ஆறு முறை சுற்றிவிட்டார். ஏழாவது சுற்றில்தான் தைரியம் வந்து அம்மா முன்னால் நின்றார்.

மகள் பவளக்கொடிக்கு நாளைக்குக் கல்யாணம். பத்திரிகை ஓரத்தில் பேனாவால் எழுதியிருந்தாள்: அப்பா, நீங்க வந்து நின்னா போதும்.

வந்து நிற்பதில்தான் சிக்கல்.

ஒன்பது வருஷத்துக்கு முன்னால் அவளுக்குச் சடங்கு வைத்த அன்று காசிமாயனே வாளியைத் தூக்கிப் பந்தியில் சாம்பார் ஊற்றிக்கொண்டு வந்தார். உசிலம்பட்டியில் பேட்டரிக் கடை வைத்திருந்தவர். விரலெல்லாம் அமிலம் பட்ட தழும்பு. மச்சினன் இலையில் உட்கார்ந்தபடி, “அமிலம் தின்ன கையால ஊத்துனா எவன் சாப்பிடுவான்?” என்று கேட்டான். நாலு பேர் சிரித்தார்கள்.

வாளி பறந்தது. இலை, சோறு, பெஞ்சு எதுவும் மிஞ்சவில்லை. புதுத் தாவணியில் சாம்பார் வழிய, பிள்ளை ஓவென்று அழுதாள். அந்த அழுகையைத் தாங்க முடியாமல் மறுநாளே கடையையும் குடும்பத்தையும் போட்டுவிட்டு இங்கே வந்து கண்ணை மூடி உட்கார்ந்தவர்தான். பெற்ற பிள்ளையை அழவைத்தவன் பக்கத்தில் இருந்து தேற்றியிருக்க வேண்டாமா? அது அப்போது தோன்றவில்லை.

அதே மச்சினன் நாளைக்கு மேடையில் நிற்பான். தாய்மாமன் இல்லாமல் என்ன கல்யாணம்?

இன்னும் ஒரு வருஷம் இருந்து மனசு நிறைய அமைதியை நிரப்பிக்கொண்டு போகிறேன் என்றார் காசிமாயன். முகூர்த்தம் ஒரு வருஷம் காத்திருக்காது என்பது அவருக்கும் தெரியும்.

அம்மா கீரையைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போனார். கரண்ட் போனால் விளக்கெரிய வைத்திருந்த பேட்டரியை ஸ்டோர் ரூமிலிருந்து சாக்கில் வைத்து இழுத்துக்கொண்டு வந்தார்.

“இதுல கரண்ட் இருக்கா அண்ணே?”

“நேத்துதான் சார்ஜ் போட்டேன். ஃபுல்லா இருக்கு.”

“எங்கே இருக்கு, காட்டுங்க.”

நாம் ஒன்று கேட்டால் அம்மா வேறொன்று கேட்பார். காசிமாயனுக்கு எரிச்சலாக இருந்தது. ஆனாலும் தொழில் என்று வந்தால் கை சும்மா இருக்காது. மூடியைத் திருகித் திறந்தார். உள்ளே ஈயத் தகடுகள், அவை முங்கும் அளவுக்கு அமிலத் தண்ணீர்.

அம்மா குனிந்து பார்த்தார். கரண்ட்டைக் காணோமே என்றார்.

காசிமாயனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கடைக்கு வந்தவர்களில் பாதிப் பேர் இப்படித்தான்.

“உள்ளே கரண்ட்டே கிடையாதும்மா. குடத்துல தண்ணி மாதிரி அதை ஊத்தி வைக்க முடியாது.”

“அப்ப நேத்துப் பூரா என்னத்தை நிரப்புனீங்க?”

“நிரப்பலை, பிரிச்சேன். பேட்டரி ஓட ஓட அமிலம் தகட்டோட போய் ஒட்டிக்கிரும். சார்ஜ் போட்டா அதைப் பிச்செடுத்துத் தண்ணிக்கே திருப்பி அனுப்பலாம். ஆனா அதுக்கு மறுபடி தகட்டோட சேரணும், சேரணும்னு ஒரே தவிப்பா இருக்கும். அந்தத் தவிப்புதாம்மா உள்ளே இருக்கு. வேற ஒண்ணும் இல்லை.”

“கரண்ட்?”

“வெளியில ஒரு வேலை இருந்தாத்தான். வயரை மாட்டி ஒரு பல்பைக் கொடுத்தா, அந்த நிமிஷம் பிறக்கும்.”

அம்மா தலையாட்டினார். தரையில் கிடந்த ஸ்பேனரை எடுத்துப் பேட்டரியின் இரண்டு முனைக்கும் குறுக்கே வைக்கப் போனார்.

காசிமாயன் பாய்ந்து ஸ்பேனரைப் பிடுங்கினார். நடுவில் ஒரு வேலையும் இல்லாமல் நேராகச் சேர்த்தால் பொறி பறக்கும், இரும்பு உருகும், பேட்டரியே வெடித்தாலும் வெடிக்கும், இது என்ன விளையாட்டு என்று சத்தம் போட்டார். போட்ட பிறகுதான் யாரிடம் போட்டோம் என்று உறைத்தது.

அம்மாவுக்குக் கோபம் வரவில்லை.

“இவ்வளவு ஆபத்தா இருக்கே. அந்தத் தவிப்பு மொத்தமா அடங்கிட்டா நல்லதுதானே அண்ணே?”

“அடங்கிட்டா அது செத்த பேட்டரிம்மா.”

சொன்ன பிறகுதான், அம்மாவிடம் வந்து தான் சொன்ன முதல் வார்த்தை அவர் காதில் மறுபடி விழுந்தது.

அம்மா கீரையை எடுத்து மறுபடி மடியில் வைத்துக்கொண்டார். காசிமாயன் பேட்டரி மூடியைத் திருகினார். அது நழுவி விழுந்தது. எடுத்து மறுபடி திருகினார். பத்திரிகை ஓரத்தில் இருந்த எழுத்தை இன்னொரு தடவை வாசித்தார். கண் கலங்கிவிட்டது. விரலில் அமிலம் இருந்ததால் துடைக்கவும் முடியவில்லை.

“உசிலம்பட்டிக்கு பஸ் எத்தனை மணிக்கும்மா?”

“பதினொண்ணேகாலுக்கு. கை நடுங்குதே அண்ணே.”

“நடுங்கட்டும்மா. பந்தியில சாம்பார் வாளி தூக்க ஒரு ஆள் வேணும்ல?”