மானியத்துக்காக மானான முள்ளாயி

பனிமலைக் காட்டில் முள்ளாயி என்றொரு முள்ளம்பன்றி, தன் இரண்டு குட்டிகளோடு ஒரு வளையில் குடியிருந்தது.

அந்த மலைக் குளிர் லேசுப்பட்டதல்ல. பல்லே இல்லாத தவளைக்கும் அங்கே பல் கிட்டும்! கொக்கு ஒற்றைக் காலில் நிற்பது மீனுக்காக அல்ல, இன்னொரு காலைச் சிறகுக்குள் விட்டுச் சூடேற்றத்தான் என்று அந்த ஊர்க் கொக்குகளே ஒப்புக்கொள்ளும்.

மற்ற விலங்குகள் குட்டிகளைக் கட்டிக்கொண்டு படுத்துக் குளிரைக் கழித்துவிடும். முள்ளாயி பாவம், என்ன செய்யும்? அணைத்தால் குட்டிகள், "ஐயோ அம்மா, குத்துது!" என்று அலறும். அதனால் வளைக்குள் சருகைக் கொளுத்திச் சூடு காட்டியது. சூடு கொஞ்சம், புகை நிறைய. போன மார்கழியில் சின்னக் குட்டி புகையில் மூச்சு முட்டி, இரண்டு நாள் கண் திறக்காமல் கிடந்தது. பிழைத்ததே பெரும்பாடு. இந்த மார்கழிக்கு இன்னும் இருபதே நாள்.

அப்போதுதான் வேங்கை ராஜாவின் அரசாங்கம் ஒரு திட்டம் போட்டது. அதற்குப் பெயர் 'வெயில் வளை'. வளை வாசலில் கறுப்புக் கற்களை அடுக்கி, மேலே வெயிலை உள்ளே விடும் காக்காப்பொன் தகட்டால் மூட வேண்டும். பகல் வெயில் முழுக்கக் கல்லில் இறங்கும். பொழுது சாய்ந்ததும் கல் அந்தச் சூட்டை மெல்ல மெல்ல வளைக்குள் விடும். விறகு வேண்டாம், புகை இல்லை, சூரியன் தீர்ந்துபோவதும் இல்லை. கல்லும் தகடும் அரசாங்க மானியம். குழி தோண்டுவது மட்டும் அவரவர் பாடு.

முள்ளாயி குலுங்கக் குலுங்க ஓடியது. மானிய அலுவலகக் குகைக்கு முன்னால் ஒரு பலகை தொங்கியது. பலகைக்கு மேலே, கிளையில், மனு எழுதிக் கொடுக்கும் வாலப்பன் என்ற மந்தி உட்கார்ந்திருந்தது. அதன் நீண்ட வால் பலகையின் குறுக்கே தொங்கிக்கொண்டிருந்தது.

"வெயில் வளை மானியம்," என்று மேல்வரியை முள்ளாயி எழுத்துக்கூட்டிப் படித்தது. கீழ்வரியை வால் மறைத்தது. "மந்தி மாமா, அந்த மானியம் எனக்குக் கிடைக்குமா?"

வாலப்பன் தலையில் அடித்துக்கொண்டது. "மானியம்னா என்ன? மானுக்கு உரியது! நீ மானா?"

"அப்படியா மாமா அர்த்தம்?"

"மந்தியிலேருந்துதானே மந்திரி வந்தான்? அதே மாதிரி மானிலேருந்து மானியம். தமிழ் தெரியாம மலையேறி வந்துட்டியே தாயி!"

முள்ளாயிக்குக் கண் கலங்கியது. "சின்னவன் இன்னொரு புகையைத் தாங்கமாட்டான், மாமா."

"அழாதே, வழி இருக்கு. உன்னை நான் மானாக்கறேன். ஆனா வெயில் வளை வந்ததும், உள்ளே சூடான மூலை எனக்கு!"

அந்த மூலையில்தான் குட்டிகளைப் படுக்கவைக்க வேண்டும் என்று முள்ளாயி நினைத்திருந்தது. ஒன்றுமே இல்லாததற்கு ஓரத்துச் சூடாவது கிடைக்கட்டும் என்று தலையாட்டியது.

வாலப்பன் சேற்றைக் குழைத்து முட்களைப் படிய வைத்துப் பூசியது. வெள்ளைக் களிமண்ணால் புள்ளி வைத்தது. இரண்டு கொய்யாக் கிளைகளைத் தலையில் கொம்பாகக் கட்டியது. கொஞ்சம் தள்ளி நின்று பார்த்துவிட்டு, "அடடா! பெத்த மானே ஏமாந்துபோகும்!" என்றது.

அன்றுதான் மனு கொடுக்கக் கடைசி நாள். முள்ளாயி வரிசையில் நின்றது. சேறு காயக் காய முதுகு அரித்தது. சொறியவும் முடியவில்லை. பின்னாலேயே நிஜமான புள்ளிமான் ஒன்று வந்து நின்றது.

"எந்த மந்தை, அக்கா?"

"கீழ்... கீழ்க்காட்டு மந்தை."

"காலு ரொம்பக் கட்டையா இருக்கே?"

"மலை ஏறி ஏறித் தேஞ்சுபோச்சு, தங்கச்சி!"

முள்ளாயியின் முறை வந்தது. மானிய அதிகாரி குப்பண்ணக் கரடி, நெற்றிமுடியை ஒதுக்கிக்கொண்டு நிமிர்ந்து பார்த்தது.

"பேரு?"

"மு... மானம்மா."

"என்ன ஜாதி விலங்கு?"

"பொட்டை மான், ஐயா."

பின்னால் நின்ற மான் 'களுக்' என்று சிரித்துவிட்டது. "ஐயா, பொட்டை மானுக்கு ஏதுங்க கொம்பு?"

முள்ளாயிக்குத் திக்கென்றது. பயந்தால் முள்ளம்பன்றிக்கு என்ன ஆகும்? சடசடவென்று முட்கள் அத்தனையும் சிலிர்த்து நின்றன! காய்ந்த சேறு கட்டி கட்டியாய்ப் பறந்தது. ஒரு கொய்யாக் கொம்பு கரடியின் மேசையில் விழுந்தது. இன்னொன்று எகிறிப்போய் எட்டு மலை தாண்டி வேர்விட்டு, இன்றைக்கும் காய்க்கிறதாம்!

வரிசையே இரண்டடி பின்வாங்கியது. முள்ளாயி, "ஐயா, தப்புதான்! குட்டிங்க குளிர்ல கிடக்குதுங்க. மானியம் மானுக்குத்தான்னு வாசல்ல சொன்னாங்க, அதான்..." என்று கெஞ்சியது.

கரடி மேசைக் கொம்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தது. பிறகு வயிறு குலுங்கச் சிரித்தது.

"ஏம்மா, மானியம் மானுக்குன்னா மாங்காயையும் மான்தான் திங்கணுமா? யாரு சொன்னது?"

"வாலப்பன் மாமாங்க."

கரடி விடுவிடுவென்று வாசலுக்கு வந்தது. பலகையின் குறுக்கே தொங்கிய வாலைப் பிடித்து ஒரு பக்கமாக ஒதுக்கியது. கீழ்வரி பளிச்சென்று தெரிந்தது: 'குளிரில் வாடும் எல்லா விலங்குகளுக்கும்.'

"ஐயா, வால் நீளமா இருந்தா நான் என்ன பண்றது?" என்று வாலப்பன் இளித்தது.

"மடிச்சு வெச்சுக்க!" என்று கரடி உறுமியது.

முள்ளாயி கரடியின் பின்னாலேயே மேசைக்கு வந்தது. "ஐயா, பொய் மனு கொடுத்துட்டேனே. தள்ளிடுவீங்களா?"

"தள்ளாம? மானம்மா மனு தள்ளுபடி! மானம்மா வீட்டுக்குப் போகட்டும்." கரடி புது இலை ஒன்றை எடுத்து நீட்டியது. "முள்ளம்பன்றி இன்னும் மனுவே கொடுக்கலையே? இருட்டறதுக்குள்ளே கொடு, தாயி. இனிமே உன் பேரிலேயே கேளு!"

முள்ளாயி தன் சொந்தப் பெயரைச் சொல்லி, சொந்தக் காலால் ரேகை வைத்தது. அப்போதுதான் அதற்கு மூச்சே ஒழுங்காக வந்தது. வெளியே வரும்போது, "மந்தி கரடி விட்டது, கரடிதான் கரடி விடலை!" என்று தனக்குள் சிரித்துக்கொண்டது.

ஐந்தாம் நாள் யானைகள் கல்லும் தகடும் கொண்டுவந்து இறக்கின. முள்ளாயி மூன்றே நாளில் குழி தோண்டி முடித்தது. மார்கழி பிறந்த அன்று சாயங்காலம், சூடான மூலையில் இரண்டு குட்டிகளும் வயிற்றைக் காட்டிக்கொண்டு உருண்டன. சின்னவன் ஒருமுறைகூட இருமவில்லை. முள்ளாயி அதையே வெகுநேரம் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தது.

வாசலில் பல் கிட்டும் சத்தம் கேட்டது.

"முள்ளாயி! நான்தான் வாலப்பன். நம்ம ஒப்பந்தம் ஞாபகம் இருக்கா? சூடான மூலை!"

"ஒப்பந்தமா? அது நீங்க ஒரு மானோட போட்டது, மாமா! அந்த மான் இந்தப் பக்கம் வந்தா கட்டாயம் சொல்றேன்!"

வாலப்பன் தன் வாலையே கழுத்தில் சுற்றிக்கொண்டது. மற்றவர்களுக்கு மனு எழுதியே பொழுதைப் போக்கியதில், அது தன் மனுவைக் கொடுக்க மறந்திருந்தது.

முள்ளாயிக்கு மனசு கேட்கவில்லை. "வாசல் கல்லுல கொஞ்ச நேரம் முதுகைக் காட்டிட்டுப் போங்க. அடுத்த வருஷம் நேரே கரடியார்கிட்ட போங்க. மானியம் உங்களுக்கும் உண்டு!" என்றது.

நமக்கென்று அரசு அறிவித்ததை நம் பெயரிலேயே நேரில் போய்க் கேட்க வேண்டும். இடையில் நிற்பவன் பேச்சை நம்பினால், முள்ளம்பன்றியும் கொம்பு கட்டிக்கொண்டு நிற்க வேண்டியதுதான்.